உடையும் சிலம்பும் உடையாத சிலம்பும்

சிலப்பதிகாரத்தை மேடையேற்ற முனையும் எந்தத் தமிழ்ச் சங்கத்துக்கும் ஒரு சின்னச் சிக்கல் காத்திருக்கிறது. வசனத்தை மனப்பாடம் செய்துவிடலாம், ஒப்பனைக்கு ஆள் பிடித்துவிடலாம். சிலம்புக்கு என்ன செய்வது?

கோவலன் விற்கக் கொண்டுபோகும் சிலம்பு ஒன்று. கண்ணகி கையில் ஏந்தி அவைக்கு வரும் இணைச் சிலம்பு இன்னொன்று. கோப்பெருந்தேவியின் சிலம்பு வேறு. பார்வைக்கு இவை ஒன்றுபோல் இருப்பதால்தான் பொற்கொல்லனின் பொய் நிற்கிறது. வேறுபாடு உள்ளே இருக்கிறது: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலனிடமிருந்து பறித்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறான் பாண்டியன். அதைத்தான் கண்ணகி உடைக்கிறாள்.

ஆக, முதல் காட்சிகளில் பத்துப் பேர் கை மாறினாலும் உடையாத அதே சிலம்பு, அவைக் காட்சியில் தரையைத் தொட்ட கணமே உடைந்து பரல் தெறிக்க வேண்டும். உடையாமல் அது உருண்டு போய் ஹார்மோனியக்காரர் காலடியில் நின்றால், அரங்கத்தில் எழுவது அழுகை அல்ல, சிரிப்பு. வாடகைக் கடைச் சிலம்பை உடைக்க முடியாது. அட்டைச் சிலம்பு உடையாது, நசுங்கும். எனவே விளக்கை அணைத்து, பின்னால் யாராவது தாம்பாளத்தைத் தட்டுவதோடு காட்சியை முடித்துவிடுகிறோம். காப்பியத்தின் உச்சக் காட்சி இருட்டில் போய்விடுகிறது.

இதற்கு விடை ஓர் அச்சு. ஒரே அச்சில் உடையாத வார்ப்பும் எடுக்கலாம், உடையும் வார்ப்பும் எடுக்கலாம். நாடகப் பொருள்களுக்கு ஆண்டுதோறும் வாடகை கொடுப்பதை விட்டு, அந்தப் பணத்தை ஒருமுறை அச்சில் போட்டு வைப்பதே சிறு குழுக்களுக்கு நல்லது என்பது என் கருத்து. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். படித்தது பொறியியல் டிப்ளமோ. கலை பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. வார்ப்பு பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

அச்சு இரண்டு வகை

சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அது அந்தக் கலையின் பெருமை.

நம் ஊருக்கு வடக்கே யலஹங்காவில் 1984 முதல் இயங்கும் ரயில் சக்கரத் தொழிற்சாலையில் வேறு முறை. அங்கே உருகிய எஃகைக் காற்றழுத்தத்தால் மேலேற்றி கிராஃபைட் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அதே அச்சு மறுபடி மறுபடி பயன்படும். செலவெல்லாம் அச்சில். அதிலிருந்து வரும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்தச் செலவு பங்காகிக் குறைந்துகொண்டே வரும்.

நாடகப் பொருளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. இதுவும் நமக்குப் புதிதல்ல. பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் கொலுப் பொம்மை செய்பவர்கள் இரண்டு பாதி அச்சு வைத்து, களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி எடுத்து ஒட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். ஒரு தசரதர் அச்சு ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் சோறு போடும்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. குப்பி வீரண்ணா 1934ல் தம் குருக்ஷேத்திர நாடகத்தில் உயிருள்ள யானையையும் குதிரையையுமே மேடையேற்றினார். ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களில் அரங்க அமைப்பாலும் தந்திரக் காட்சிகளாலும் மக்களை வாய் பிளக்க வைத்தது. நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை நாடகக் குழுக்களுக்கு யானை கட்டுப்படியாகாது. சிலம்பு கட்டுப்படியாகும்.

எதில் தொடங்குவது?

இன்றைய இளைஞர்கள் படம் பார்த்துக் கற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் பலர் முதல் நாளே ரெசின் டப்பாவையும் விலை உயர்ந்த ரப்பரையும் வாங்கிவிடுகிறார்கள். முதல் வார்ப்பு குமிழி குமிழியாக வருகிறது, இரண்டாவது ஒட்டிக்கொண்டு கிழிகிறது, மூன்றாவதற்குப் பணம் இல்லை. டப்பா பரணுக்குப் போய்விடுகிறது. இது வரிசை தவறியதால் வரும் நட்டம். விலை குறைந்த பொருளில் கை பழகிவிட்டு விலை கூடிய பொருளுக்குப் போக வேண்டும்.

முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கிலோ சில பத்து ரூபாய்தான். 100 கிராம் பிளாஸ்டருக்கு 60 முதல் 70 கிராம் தண்ணீர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தூவி ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கினால் குமிழி குறையும். பிளாஸ்டர் அச்சுக்குள் சோப்புக் கரைசல் தடவிக் காகிதக் கூழை அழுத்தினால் கிரீடத்தின் முகப்பு, கேடயம், மார்புக் கவசம் எல்லாம் கிடைக்கும். எடையும் இராது. ரெசின் தேவையே இல்லை.

இரண்டாவது, வளையும் அச்சு. குழிவும் வளைவும் உள்ள பொருளைக் கெட்டியான அச்சிலிருந்து உருவ முடியாது. இதிலும் மலிவு வழிகள் உண்டு. இராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒரு வகையிலிருந்து வரும் அகர் அகரைத் தண்ணீரில் காய்ச்சி ஊற்றினால் அச்சாகும். ஓரிரு வார்ப்புக்குத் தாங்கும்; பிறகு உருக்கி மறுபடி ஊற்றலாம். பழகுவதற்கு இதைவிட மலிவு கிடையாது. குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கான் சீலன்டை, பாத்திரம் கழுவும் சோப்பு நிறையக் கலந்த தண்ணீருக்குள் பிழிந்து பிசைந்தால் மாவு போலத் திரளும். அதைச் சிறு பொருள்மேல் அழுத்தி அச்சு எடுக்கலாம். ரப்பர் பால், அதாவது லேட்டக்ஸ், பூச்சுப் பூச்சாகத் தடவலாம். ஆனால் அது பிளாஸ்டர் வார்ப்புக்கே ஏற்றது. பாலியெஸ்டர் ரெசின் அதை அரித்துவிடும்.

இவற்றில் நாலைந்து வார்ப்பு சரியாக வந்த பிறகு ஊற்றும் சிலிக்கான் ரப்பரை வாங்குங்கள். நமது பட்டியலில் விலை உயர்ந்தது அதுதான். ரெசின் அதைவிட மலிவு. எனவே சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் ரப்பர்.

சிலம்புக் கணக்கு

சிலம்பு ஒரு வளையக் குழாய். உளுந்து வடையைக் குறுக்கே இரண்டாகப் பிளப்பதுபோல் அதைப் பிளந்தால் இரண்டு பாதியும் தட்டையான அடிப்பக்கத்தோடு ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒரு பாதிக்கு மட்டும் அச்சு செய்தால் போதும். அதிலேயே இரண்டு முறை வார்த்து ஒட்டிவிடலாம். வேலைப்பாடு இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும் என்பதால் முதல் முறை வெறும் வரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதிரி செய்ய ஃபவுண்டரியில் ‘ஸ்வீப்’ என்று ஒரு முறை உண்டு. தகரத் துண்டில் 2.5 செ.மீ. விட்டமுள்ள அரைவட்டத்தை வெட்டி எடுங்கள். சன்மைக்கா ஒட்டிய பலகையில் ஆணி அடித்து, ஆணியிலிருந்து அரைவட்டத்தின் நடு 4.75 செ.மீ. தள்ளி இருக்கும்படி தகரத்தைப் பொருத்திக் கவராயம் போலச் சுற்றுங்கள். கீழே இட்ட களிமண் சீராக வழிக்கப்பட்டு, 12 செ.மீ. வெளிவிட்டமுள்ள அரைச் சிலம்பாக நிற்கும்.

இனி ரப்பர் ஊற்றச் சுற்றிலும் பெட்டி வேண்டும். எல்லோரும் சதுரப் பெட்டி கட்டுவார்கள். 15 செ.மீ. சதுரம், 2.25 செ.மீ. உயரம் என்றால் 506 க.செ.மீ. சிலம்பின் பாதி அதில் 73 க.செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 433 க.செ.மீ.க்கு ஏறக்குறைய அரை கிலோ ரப்பர் ஆகும். அதற்குப் பதில் 14.5 செ.மீ. உள்விட்டமுள்ள வட்ட டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டுச் சுற்றி வைத்து, வளையத்தின் நடுவில் 4.5 செ.மீ. விட்டமுள்ள தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், ஏறக்குறைய 300 கிராம் போதும். மூலைகளிலும் நடுவிலும் வீணாகும் ரப்பரில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம். கணக்குப் போட வராதவர்கள் மாதிரியோடு பெட்டியை வைத்து அரிசியை நிரப்பி, அந்த அரிசியைக் குவளையில் அளந்து பார்க்கட்டும். விடை அதேதான்.

அச்சு மறுநாள் தயார். உடையாத சிலம்புக்கு ரெசினோடு டால்க் பொடியோ சலவைக்கல் பொடியோ கலந்து ஊற்றுங்கள். பொடி கலப்பதால் செலவு குறையும். இறுகும்போது எழும் சூடும் சுருக்கமும் குறையும். உடையும் சிலம்புக்கு அதே அச்சின் உட்சுவரில் பிளாஸ்டரை 4 மி.மீ. கனத்துக்கு மட்டும் பூசி, நடுவைக் குடைவாக விடுங்கள். இரண்டு பாதியும் நன்றாகக் காய்ந்த பின் சிவப்புப் பிளாஸ்டிக் மணிகளை உள்ளே இட்டு, பிளாஸ்டர் குழம்பால் ஒட்டுங்கள். மணிக்குப் பதிலாகக் குன்றிமணியைப் போடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் விதை நஞ்சு. மேடையோரக் குழந்தைகள் வாயில் போடக்கூடும்.

இரண்டுக்கும் முதலில் அடர்ந்த பழுப்பு, அதன்மேல் காய்ந்த தூரிகையால் பொன் வண்ணம். முதல் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு எது ரெசின், எது பிளாஸ்டர் என்று தெரியாது. ஒத்திகையில் ஒன்றை உடைத்துப் பார்த்துவிடுங்கள். மேடையில் ஜமக்காளம் விரித்திருந்தால் உடையாது. அந்த இடத்தில் ஒரு பலகை வேண்டும். காட்சி முடிந்ததும் பெருக்க ஒருவரை நிறுத்துங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு நடனக் குழந்தைகள் வெறுங்காலோடு வருவார்கள்.

அஞ்சுவது அஞ்ச வேண்டும்

இனி எழுதுவதை இளைஞர்களைவிடப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

கடைகளில் பாலியெஸ்டர் ரெசினோடு இரண்டு சிறு புட்டிகள் தருவதுண்டு. ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட், வேகமூட்டி. தண்ணீர் போல் இருப்பது எம்.இ.கே.பி. என்னும் வினையூக்கி. இந்த இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது. சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். ஒரே ஸ்பூனை இரண்டு புட்டிக்கும் போடுவதுகூட ஆபத்து. புதியவர்கள் கோபால்ட் முன்னரே கலந்த ரெசினைக் கேட்டு வாங்கினால் இந்தக் கண்டமே இல்லை. வினையூக்கி, 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம்; விற்பவர் தாளில் என்ன அளவு இருக்கிறதோ அதுவே சட்டம். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி எளிதில் தீப்பிடிப்பது, நெஞ்சுக்கும் ஆகாதது. முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கென்றே விற்கும் வடிகட்டி முகமூடி வேண்டும், திறந்த வெளியும் வேண்டும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. எபாக்சி ரெசினில் வாசனை குறைவு என்று சிலர் அறைக்குள்ளேயே செய்கிறார்கள். அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னர் வாழ்நாள் முழுவதும் தொட முடியாமல் போகலாம்.

பிளாஸ்டரும் முற்றிலும் சாது அல்ல. இறுகும்போது சூடேறும். 2007ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருவர், பள்ளிப் பாடத்துக்காகத் தம் கைகளை அச்செடுக்கப் பிளாஸ்டருக்குள் வைத்தார். வெளியே எடுக்க முடியவில்லை. தீக்காயத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தார். கையையோ முகத்தையோ அச்செடுக்கும் ஆசை குழந்தைகளுக்கு எளிதில் வரும். பிளாஸ்டரில் அது கூடவே கூடாது.

மர்பி டவுன்வாசிகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் நிர்வாகப் பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயரைத் தாங்கியது நம் பகுதி. அதற்கு முன் நாக்ஸ்பேட்டை. நம் சந்துகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. ஒரு வீட்டில் சாம்பார் தாளித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். அப்படியிருக்க ஒரு பையன் கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் கலக்கினால் அந்த ஆவி யாருடைய தொட்டிலுக்குப் போகும்? ஆகவே ரெசின் வேலை வீட்டில் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் களிமண், காகிதக் கூழ், வண்ணம் ஆகியவற்றைச் செய்யட்டும். பிளாஸ்டர் கலக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மிஞ்சிய ரெசினை வடிகாலில் ஊற்றாமல், டப்பாவிலேயே இறுகவிட்டுக் கட்டியாக அப்புறப்படுத்த வேண்டும்.

எதிர்க் கேள்விகள்

“இவ்வளவு ஆபத்து என்றால் தெர்மாகோலே போதுமே” என்று கேட்கலாம். ஒரு நாளைக்குப் போதும். மறுநாள் அது குப்பை. அடுத்த ஆண்டு மறுபடி வாங்க வேண்டும். தெருக்கூத்துக் கலைஞர்கள் கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். பொருளைச் சேர்த்து வைக்கும் அந்தப் புத்திதான் நமக்கு வேண்டும்.

“முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்டதே?” வரட்டும். அதில் ஒரு மாதிரியைச் செய்துகொண்டு அதன்மேல் அச்சு எடுங்கள். முப்பது வீரர்களுக்கு முப்பது முத்திரை வேண்டுமானால் அச்சின் வேகம் தெரியும்.

“ரெசின் மட்காத பொருள் ஆயிற்றே?” இது நியாயமான கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ல் திருத்திய நெறிமுறைகளில், நீரில் கரைக்கும் சிலைகளுக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று சொன்னது. ரெசினிலும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு வேண்டும். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரெசின் பொம்மை பரிசளிப்பது வீண். பல ஆண்டுகள் கை மாறி உழைக்க வேண்டிய வாள் பிடி, உடையாத சிலம்பு, செங்கோல் முனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ரெசின். மற்றதெல்லாம் காகிதக் கூழ்.

ஒரு வேண்டுகோள்

சங்கங்களில் நூலகம் வைத்திருக்கிறோம். புத்தகத்தை எடுத்துப் படித்துத் திருப்பித் தருகிறோம். அதுபோல ஓர் அச்சு அலமாரி ஏன் இருக்கக்கூடாது? ஒவ்வோர் அச்சின்மேலும் பெயர், செய்த ஆண்டு, இதுவரை எத்தனை வார்ப்பு என்று எழுதி வைத்தால் போதும். ரெசின் வார்த்து வார்த்துச் சிலிக்கான் அச்சு தேயும். எண்ணிக்கை இருந்தால் எப்போது புதிது செய்வது என்று தெரியும். உடையும் சிலம்புக்குப் பிளாஸ்டர் தானே. அதனால் அச்சு அதிகம் தேயாது. மூலமாதிரியையும் பிளாஸ்டரில் வார்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். அச்சு போனாலும் மாதிரி இருந்தால் எதுவும் போகவில்லை.

நம் பகுதியில் ஃபவுண்டரியிலும் தச்சிலும் பெயிண்டிங்கிலும் காலம் கழித்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காற்றோட்டமான ஒரு கொட்டகை, சங்கம் தரும் சிறு தொகை, இவ்வளவும் கிடைத்தால் அவர்கள் கற்றுத்தர மறுக்கமாட்டார்கள். வீட்டுக்குள் ஒளிந்து ரெசின் கலக்கும் பையனுக்குப் பாதுகாப்பான இடமும் அதுவே. வேண்டாம் என்று அவனைத் தடுப்பதைவிட, வா என்று அழைத்துப் பக்கத்தில் நிற்பது நல்லது.

முதல் அச்சு சிலம்பாக இருக்கட்டும். ரப்பர் 300 கிராம், களிமண் ஒரு பிடி, தகரம் ஒரு துண்டு, பிளாஸ்டர் ஒரு கிலோ. அடுத்த முறை கண்ணகி சிலம்பை ஓங்கும்போது விளக்கை யாரும் அணைக்க வேண்டியதில்லை.